கிரி மாமாவின் குடைகள்

சிங்களச் சிறுவர் நூலாசிரியரும் ஓவியருமான சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’ (குடைத் திருடன்) 1956இல் வந்தது. கதை நடப்பது குடையே காணாத ஊரில். மழைக்கு வாழையிலையும் சேம்பிலையும்தான். அந்த ஊர்க் கிரி மாமா பட்டணத்தில் வாங்கிவரும் குடைகள் ஒவ்வொன்றாகத் திருட்டுப் போகின்றன. கடைசிக் குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை சிந்திய வழியே போனால், காட்டு மரங்களில் குடைகள் தொங்குகின்றன! ஒன்றை மட்டும் திருடனுக்கென்று விட்டுவருகிறார். அந்த ஒன்றுக்காகவே இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பேன்.

காலிக்கு அருகே கிந்தோட்டையில் 1927இல் பிறந்தவர் சிபில். சிறுவயதிலேயே கொழும்புக்கு வந்து, நம் வெள்ளவத்தைக்குப் பக்கத்துப் பம்பலப்பிட்டியில் படித்தார், பத்திரிகைகளுக்கு வரைந்தார். ஆனாலும் 2020இல் மறையும்வரை அவர் தூரிகை அந்தக் கிராமத்தை விட்டு விலகவில்லை. நிழல் தீட்டி உருட்டிக் காட்டுவதில்லை. தட்டையான நிறம், நெளியும் கோடு. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் அந்தக் கோட்டைப் பிடித்தே கதையைச் சொல்லிவிடும்.