மொட்டை மாடிக்கென்றே பிறந்த பாட்டுப் பெட்டி

வெளியில் பார்ட்டி வைக்க ஒரு ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன் என்று யாராவது வாய் திறந்தால் போதும், நான் அவர்களை விடுவதில்லை. உட்காரவைத்து, என் ஜேபிஎல் சார்ஜ் 5-ஐக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவேன். 960 கிராம், ஒரு கைக்குள் அடங்கும் நீல உருளை. எங்கள் மொட்டை மாடியில் இது பாடுவதைக் கேட்டவர்கள், "பெரிய பாக்ஸ் எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் தித்திக்கிறது!

வீட்டுக்குள் எந்த ஸ்பீக்கரும் ஓரளவு நன்றாகத்தான் பாடும். நான்கு சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி நம் காதுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். மாடியிலோ தோப்பிலோ கடற்கரையிலோ அந்த உதவி கிடையாது. போன சத்தம் போனதுதான். அதிலும் கீழ்ஸ்தாயி ஒலிகள் முதலில் காணாமல் போகும். பாட்டு தகரத்தில் தட்டியது மாதிரி கேட்கும். கடையில் ஏசி அறைக்குள், கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று கேட்டு வாங்குகிற ஸ்பீக்கர் மாடிக்கு வந்ததும் இளைத்துப்போவது இதனால்தான். கடைக்காரரிடம் கேட்டு, ஸ்பீக்கரை வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவந்து, பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். கடையின் டெமோ பாட்டு வேண்டாம். உங்கள் போனில் இருக்கும், உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள்.

நான் போட்டது இளையராஜா. அவருடைய பாடல்களில் பேஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகுமே, அது வெளியில் கேட்கிறதா என்பதுதான் எனக்குப் பரீட்சை. கேட்டது, ஐயா! வாகனங்கள் போய்வரும் தெருவோரத்தில், ஒவ்வொரு சுரமும் உருண்டு திரண்டு கேட்டது. பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. இந்த அளவுப் பெட்டி எதுவும் அந்த ஒலியை முழுதாகத் தந்துவிட முடியாது. ஆனால் அதோடு கூடவே வரும் 82, 123 ஹெர்ட்ஸ் ஒலிகளைச் சுத்தமாகக் கொடுத்துவிட்டால், கீழே விடுபட்டதை நம் மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. நல்ல சின்ன ஸ்பீக்கரின் மாயமெல்லாம் அந்தச் சுத்தத்தில்தான் இருக்கிறது.

உருளையின் இரண்டு முனைகளிலும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் கிடையாது. உள்ளே முட்டை வடிவ ஸ்பீக்கர் தள்ளும் காற்றே அவற்றையும் முன்னும் பின்னும் ஆட்டி, பேஸைப் பெருக்குகிறது. பாசிவ் ரேடியேட்டர் என்ற இந்த உத்திக்கு ஹாரி ஓல்சன் 1935-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். திரையரங்குகளுக்கு ஒலிப்பெருக்கி செய்த ஜேம்ஸ் புல்லோ லான்சிங் 1946-இல் தொடங்கிய நிறுவனம்தான் ஜேபிஎல். அந்தக் காலத்து அறிவெல்லாம் இன்றைக்கு என் உள்ளங்கையில் துடிக்கிறது! உருமி அடிக்கும்போது அந்தத் தட்டில் விரலை லேசாக வைத்துப் பாருங்கள், சிலிர்த்துவிடும். முந்தைய சார்ஜ் 4-இல் இல்லாத தனி ட்வீட்டர் இதில் உண்டு. 30 வாட் பேஸுக்கு, 10 வாட் ட்வீட்டருக்கு. ஜால்ராவும் கைத்தட்டலும் பளிச்சென்று பிரிந்து வருவது அதனால்தான்.

வாட் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் அட்டைப்பெட்டியில் வாட் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. வாட்டை இரட்டித்தால் கூடுவதோ 3 டெசிபல்தான். ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டரில் நிற்பவர் கேட்கும் அளவு 8 மீட்டரில் நிற்பவருக்கும் கேட்க வேண்டுமானால், 64 மடங்கு சக்தி வேண்டும். அப்படி அலறவிட்டால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன? ஆகவே ஒரு ராட்சதப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில், இதுபோல் இரண்டு வாங்கி ஆளுக்கொரு மூலையில் வையுங்கள் என்பதே என் கட்சி. நாங்கள் அப்படித்தான் செய்தோம். மாடியில் எங்கே நின்றாலும் பாட்டு பக்கத்திலேயே இருக்கிறது, பெரியவர்கள் குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்கிறார்கள், குழந்தைகள் ஆடுகிறார்கள். இரண்டையும் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் இன்னும் திரண்டு வருகிறது. பார்ட்டிபூஸ்ட் பொத்தானை இரண்டிலும் அழுத்தினால் சேர்ந்துகொள்ளும். ஸ்டீரியோ வேண்டாம், இரண்டிலும் முழுப்பாட்டும் வரட்டும். இல்லாவிட்டால் ஒரு மூலையில் உள்ளவர்களுக்கு வயலின் மட்டும்தான் கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: சார்ஜ் 4-இல் இருப்பது வேறு இணைப்பு முறை, அது 5-உடன் சேராது. 2025-இல் வந்த சார்ஜ் 6-இல் இருப்பது ஆராகாஸ்ட் என்ற இன்னொரு முறை, அதுவும் 5-உடன் சேராது. இரண்டு வாங்கினால் ஒரே மாடலில் வாங்குங்கள்.

ப்ளூடூத்துக்கும் சுவரில்லாத குறை உண்டு. அறைக்குள் அலை சுவரில் பட்டுச் சுற்றி வந்து சேரும். வெளியில் நேர்வழி ஒன்றுதான். அந்த வழியில் ஆட்கள் நின்றால் அவ்வளவுதான், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பிலுள்ள தண்ணீர் உறிஞ்சிவிடும். பாட்டு விட்டுவிட்டு வந்தால் ஸ்பீக்கரைத் திட்ட வேண்டாம்; பின்பாக்கெட்டில் இருக்கும் போனை எடுத்து ஒரு ஸ்டூலில் வையுங்கள்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் எப்படி! ஐப்பசி மாதம், தங்கை மகள் பிறந்தநாள். கேக் வெட்டி முடித்த கையோடு மழை கொட்டியது. தட்டு, பாய், தலையணை என்று கைக்குக் கிடைத்ததை வாரிக்கொண்டு எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினோம். ஸ்பீக்கர்கள் இரண்டும் மழையிலேயே நின்று பாடிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, திரும்ப ஓடி மழையிலேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாக்கள் அதட்டியது யார் காதிலும் ஏறவில்லை. இந்த ஸ்பீக்கருக்கு ஐபி67 தரம் உண்டு. அதில் 6 என்பது தூசு புகாது என்பதற்கு, 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கு. வெளியில் வைப்பதற்கு இதற்குக் குறைந்த எதையும் வாங்கச் சொல்ல மாட்டேன். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடற்கரைக்குப் போய்வந்தால் குழாயடியில் உப்பைக் கழுவிவிடுங்கள். சார்ஜ் போடும் துளை நன்றாகக் காய்ந்த பிறகே வயரைச் சொருகுங்கள்.

பேட்டரி 20 மணி நேரம் என்கிறார்கள். அது மிதமான வால்யூமில். சத்தம் கூட்டினால் வெகுவாகக் குறையும். மாலையில் தொடங்கி முடியும்வரை எங்களுக்கு ஒருநாளும் குறை வைத்ததில்லை. போனுக்கு உயிர் போனால் இதிலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நாங்கள் பத்துக்கு முன்பே நிறுத்திவிடுவோம். இரண்டு ஸ்பீக்கரையும் மிதமாக வைப்பதால், பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கு வராமல், வடைத் தட்டோடு மாடிக்கே வந்துவிடுகிறார்.

போன வாரம் சித்தப்பா கூப்பிட்டார். "ஏம்ப்பா, தோட்டத்துல பொங்கலுக்கு எல்லாரும் கூடுறோம். உன்கிட்ட இருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன்."

"ரெண்டா வாங்குங்க சித்தப்பா. கடைக்கு நானும் வர்றேன்."

சனிக்கிழமை போகிறோம். அவர் தவில் கேட்பவர். நல்ல தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறேன், கடை வாசலில் போட்டுக் காட்ட.