நடுக்கத்துக்கு மதிப்பெண் இல்லை

பார்க்கின்சன் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லும் புகழ்பெற்ற அளவுகோல், கை எவ்வளவு நடுங்குகிறது என்று பார்ப்பதே இல்லை. 1967இல் நியூயார்க்கின் மார்கரெட் ஹோனும் மெல்வின் யாஹ்ரும் வகுத்த ஐந்து கட்டங்களில் எனக்கு முதலில் பிடித்தது இதுதான்.

நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சனே தெருவைப் பார்த்துக் கற்றவர். 1817இல் அவர் எழுதிய ஆறு பேரில் இருவர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள்; ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் அப்படிப் பார்க்கலாம். காலையில் பூவும் வாழையிலையும் வாங்க வரும் நம் தமிழர்களில் ஒருவருக்கு இடக்கை வீசி வர, வலக்கை மட்டும் விலாவோடு ஒட்டியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஏன்னா, அந்தக் கையை வீசாமலே நடக்கறேளே?" என்று வீட்டில் முதலில் கேட்பது மாமியாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் முதல் கட்டம். இரு பக்கமும் வந்து, நிற்கும் நிதானம் கெடாதிருந்தால் இரண்டாவது.

மூன்றாவதுக்கான வாசலில்தான் இந்த அளவுகோலின் அழகு இருக்கிறது. மருத்துவர் நோயாளியின் பின்னால் நின்று, செய்யப்போவதைச் சொல்லிவிட்டு, இரு தோள்களையும் பிடித்துச் சட்டென்று தன் பக்கம் இழுக்கிறார். முதல் இழுப்பு மென்மையாக, பழக்குவதற்கு, அதற்குக் கணக்கில்லை. அடுத்தது வேகமாக. ஓரிரண்டு அடி பின்வைத்துச் சமாளித்தால் சரி. அடிகள் கூடிக்கொண்டே போனாலோ, கால் நகராமல் மரம்போல் சாய்ந்தாலோ, நிலை காக்கும் அனிச்சைச் செயல் தளர்ந்துவிட்டது என்று பொருள். அதனால்தான் இழுப்பவர் தாங்கிப் பிடிக்கவும் தயாராக நிற்க வேண்டும். காய்கறி வரிசையில் பின்னாலிருந்து யாரோ "மாமா" என்று கூப்பிட, திரும்பும்போது தடுமாறுவதும் இதே சங்கதிதான்.

1967இன் விவரணையில் இன்னொரு நுட்பம். மூன்றாம் கட்டத்தில் இருப்பவர் செய்யும் வேலையைப் பொறுத்து உழைக்கவும், தனித்து வாழவும் முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். மிகவும் முடங்கிய நான்காம் கட்டத்திலும், துணையின்றி நிற்கவும் நடக்கவும் 'இன்னும்' முடிகிறது என்கிறார்கள். ஐந்தாவதிலோ சக்கர நாற்காலி அல்லது படுக்கை, 'பிறர் உதவாவிட்டால்' என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனைக்குள் தாங்கி எழுப்பும் ஒரு கைக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு குறை. மோப்பம் குன்றுவது பலருக்கு நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே நேர்கிறது. மூளைத் திசுக்களை ஆராய்ந்த ஹைக்கோ பிராக், 2003இல் வகுத்த ஆறு நிலைகளைத் தொடங்கியதே முகர்வுக் குமிழிலும் மூளைத்தண்டின் அடியிலும்தான். காப்பிப்பொடி வறுபடும் மணமும் மல்லிகையும் எட்டாமல் போனவரைப் பற்றி ஹோன்-யாஹ்ர் அளவுகோல் எதுவும் கேட்பதில்லை. தூக்கம், மலச்சிக்கல், மனச்சோர்வு பற்றியும் கேட்பதில்லை. இந்த மூன்றையும் 2008இல் வந்த விரிவான மதிப்பீட்டுப் படிவம் கேட்கிறது. அதிலும் உடல் பரிசோதனைப் பகுதி முடிந்ததும் ஒரு வரி வருகிறது: ஹோன்-யாஹ்ர் கட்டம், எண்ணை எழுதுக.