ஹால்டேனின் பொது விவாதங்கள்: ஒரு மதிப்பீடு

பரிணாமக் கொள்கைக்குக் கணித அடிப்படை அமைத்தவர்களுள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் (1892–1964). வகுப்பறைக்கு வெளியேயும் வாதிடத் தயங்காதவர். இந்தியாவில் ஆட்சிப்பணி புரிந்த பறவையியலாளர் டக்ளஸ் டீவர் முதலியோர் பரிணாமத்தை மறுத்தபோது, எழுத்துவழி விவாதத்தில் சான்றுகளை முன்வைத்து விடையளித்தார். அவ்விவாதம் 1949இல் நூலாக வெளிவந்தது.

சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ மரபியலை ஒடுக்கியபோது இந்த உறுதி அவரிடம் காணப்படவில்லை. மரபியலாளர் வவிலோவ் 1943இலேயே அங்கே சிறையில் இறந்திருந்தார். 1948இல் பிபிசி வானொலி விவாதத்தில் ஃபிஷர், டார்லிங்டன், ஹார்லாந்து ஆகியோர் லைசென்கோவைக் கண்டித்தனர். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த ஹால்டேனோ அவருடைய சில கருத்துகளுக்கு இடங்கொடுத்தே பேசினார். பின்னரே கட்சியிலிருந்து விலகினார்.

1957இல், சூயஸ் படையெடுப்பைக் காரணமாகக் கூறி, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியை விட்டுக் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1961இல் நிர்வாகத்தோடு முரண்பட்டு அங்கிருந்தும் வெளியேறினார். அரசையும் நிறுவனத்தையும் எதிர்க்கத் துணிந்தவர், தம் கட்சியிடம் மட்டும் சான்று கேட்கத் தயங்கினார். அவரைப் பயிலும் மாணவர்கள் இவ்விரு விவாதங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.