பேர் எழுதாத பேரேடு: வேலூர்க் கல்லும் கட்கிச் சுவரும்

ஆரணி அரிசியை லாரியில் வரவழைத்து விற்கிற வியாபாரிக்கும் யுத்த நினைவுக் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று சங்கத்து அன்பர்கள் கேட்கக்கூடும். எனக்குத் தெரிந்த வித்தை இரண்டுதான். ஒன்று கணக்கு எழுதுவது, மற்றொன்று கல்வெட்டுப் படிப்பது. முதலாவதை அப்பா சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது நானாகப் படித்துக்கொண்டது.

கட்கியில் ஹோல்கர் பாலத்துக்குப் பக்கத்தில், முலா ரோட்டில், ஒரு யுத்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நம்மவர்கள் ஆயிரம் தடவை அந்த வழியாகப் போயிருப்பார்கள், உள்ளே போனவர்கள் குறைவு. நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் சரக்கு வர நேரமாகிவிட்டதால் நிழலுக்காக உள்ளே நுழைந்தேன். இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்த 1,600-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கல்லறைகள் அல்ல, முதல் யுத்தத்துக்கான நினைவுச் சின்னம். 1914–1918-இல் இந்தியாவில் இறந்து, இன்றைய இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பல ஊர்க் கல்லறைகளில் புதைந்து, இனிமேல் அங்கே பராமரிக்க முடியாது என்று ஆகிவிட்ட 1,800-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அதில் 629 பேருடைய எச்சங்கள் பம்பாய் சிவ்ரி கல்லறையிலிருந்து 1962-இல் இங்கே கொண்டுவரப்பட்டவை. யுத்தம் முடிந்து நாற்பத்து நாலு வருஷம், ஆட்சியும் மாறிவிட்டது. அப்போதும் ஒரு பேரைக்கூட விட்டுவிடவில்லை. கணக்கென்றால் இதுதான் கணக்கு.

அங்கே நின்றபோதுதான் எனக்கு வேலூர் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அப்பாவோடு லாங் பஜாருக்குச் சரக்கு எடுக்கப் போவேன். மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கும். இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914–18 பெரும் யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் அதில் எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யாருப்பா அந்தப் பதினாலு பேர்?" என்று கேட்டேன். அப்பா மூட்டையை எண்ணிக்கொண்டே, "மொத்தம் மட்டும் போட்டு வெச்சிருக்கான். பேர் போடாத பற்று செல்லுமாடா?" என்றார். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

வேலூரில் மட்டும் அல்ல. ஊர்ப் பேரையும் எண்ணையும் மாற்றி, இதே வாசகத்தை அச்சு வார்த்ததுபோல் இந்தியாவில் எத்தனையோ ஊர்களில் பதித்திருக்கிறார்கள். நம் மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்து அப்ஷிங்கே கிராமம் முதல் யுத்தத்தில் 46 பேரை இழந்தது. 'மிலிட்டரி' என்பது அந்த ஊருக்கு இன்றும் அடைமொழி. அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் சிற்றூர்களில் என்ன செய்தார்கள்? ஊரார் பணம் திரட்டி, சர்ச் வாசலிலோ நாற்சந்தியிலோ கல் நிறுத்தி, ஏர் உழுதவன் பேரையும் பண்ணைக்காரர் மகன் பேரையும் அதில் வெட்டினார்கள். பதினாலு பேர் வெட்டப் பதினாலு வரி போதும். நம் பஜாரில் ஒரு கடையின் பெயர்ப்பலகைக்கு அதைவிட அதிக இடம் ஆகிறது. இடம் இல்லை என்ற சமாதானம் எடுபடாது.

அந்த வாசகத்தில் இன்னொரு சொல்லும் என்னை உறுத்துகிறது. 'உயிர் கொடுத்தார்கள்' என்கிறது கல். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு உண்டு. சமண வீட்டில் பிறந்த எனக்கு, உயிர் கொடுப்பது என்றால் அப்படித் தெரிந்து, தீர்மானித்து, மெல்ல மெல்ல விடுவதுதான். மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கப்பல் ஏறியவன் உயிரைக் கொடுக்கவா போனான்? திரும்பி வரத்தான் போனான். குண்டில் போனதா, காலராவில் போனதா என்று கல் சொல்லவில்லை. எங்கே என்றும் சொல்லவில்லை.

நம் நடுகற்கள் இதையெல்லாம் சொல்லும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல்லில், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற அதன் பேர் கோவிவன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குப் பேர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் வேலூர்க்காரனுக்கு இல்லை. (எடின்பரோ கோட்டையில் 1927-இல் திறந்த ஸ்காட்லாந்து தேசிய நினைவகத்திலும், யுத்தத்தில் உழைத்த கழுதை, குதிரை முதல் சுரங்கத்து எலி வரை செதுக்கியிருக்கிறார்கள். நல்ல மனசு எல்லா நாட்டிலும் உண்டு.)

வெள்ளைக்காரன் அப்படித்தான் என்று முடித்துவிடலாமா? முடியாது. கட்கித் தோட்டத்தைப் பராமரிக்கும் யுத்தக் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கியது. அதிகாரியானாலும் சிப்பாயானாலும், எந்த இனம், எந்த மதமானாலும் சமமான மரியாதை என்பது அதன் கொள்கை. பிரான்சில் நெவ் ஷாப்பெல்லில் 1927-இல் திறந்த சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள், சாதாரணச் சிப்பாய் உட்பட. அதே ஆணையம் 1929-இல் பஸ்ராவில் வைத்த சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்கு மட்டும் பேர் போட்டது. இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கைதான். இவ்வளவுக்கும் மெசபடோமியாவில் நம் மெட்ராஸ் சாப்பர்கள் உட்பட இந்தியப் படை லட்சக்கணக்கில் இருந்தது. ஐரோப்பியர் வந்து பார்க்கிற இடத்தில் பேர், பார்க்காத இடத்தில் தொகை. இதை நான் பொல்லாப்பாகச் சொல்லவில்லை. 2021-இல் அந்த ஆணையமே விசாரணை நடத்தி, 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாமல் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பேர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்தாவது கணக்கைத் திறந்து பார்த்தார்களே, அந்த மட்டில் சரி.

நாம் திறந்து பார்த்தோமா? குடியாத்தம், காட்பாடி, ஆற்காடு, வேலூர்ப் பக்கத்திலிருந்து புனேக்கு வந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ராஜா தலை போட்ட மெடல் ஒன்று கிடக்கலாம். 'பாட்டியோட அண்ணன் பஸ்ராவுக்குப் போனார், வரவே இல்லை' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கலாம். அந்த மெடலின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். சிப்பாயின் நம்பர், பேர், படைப்பிரிவு பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அதை ஒரு தபால் அட்டையில் எழுதி, ஊர்ப் பேரையும் சேர்த்துச் சங்க முகவரிக்கு அனுப்புங்கள். பழைய பேரேடு ஒன்றில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஒன்று முதல் பதினாலு வரை நம்பர் போட்டு வைத்திருக்கிறேன்.