45 பாகையும் நீளத்தாண்டலும்

1968-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி, மெக்ஸிகோ நகர ஒலிம்பிக் அரங்கில் பாப் பீமன் என்ற அமெரிக்க வாலிபர் 8.90 மீட்டர் தாண்டி, 8.35 மீட்டராக நின்ற உலக சாதனையை ஒரே தாவலில் 55 சென்டிமீட்டர் விஞ்சியபோது, அங்கே வைத்திருந்த அளவுக்கருவி அவ்வளவு தூரத்துக்கு எட்டாமையால் எஃகு நாடாவைக் கொண்டுவந்து அளக்க வேண்டியதாயிற்று. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரின் மெல்லிய காற்றே காரணம் என்று இன்றும் சொல்வாருண்டு. ஆயினும் அதே காற்றில், அதே மணற்குழியில், இரண்டாமவரான கிளாவுஸ் பேயர் 8.19 மீட்டரும், பழைய சாதனைக்கு உரியவர்களில் ஒருவரான ரால்ஃப் பாஸ்டன் 8.16 மீட்டருமே தாண்டினார்கள் என்பதை நோக்கும்போது, அற்புதத்தின் காரணத்தைக் காற்றில் தேடாமல் தாவுபலகையில் தேடுவதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்தக் கோணத்தில் கிளம்பினால் அதிக தூரம் போகலாம் என்று பௌதிக மாணவனைக் கேட்டால், அவன் தயங்காமல் 45 பாகை என்பான். 1638-இல் வெளிவந்த நூலில் கலிலியோ நிரூபித்த அந்த விடையில் தோஷம் ஏதுமில்லை. ஆனால் புறப்படும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், கோணம் எதுவாயினும் வேகம் மாறாதிருக்க வேண்டும் என்னும் இரண்டு நிபந்தனைகளின் மேலல்லவா அது நிற்கிறது? மனிதனுடைய காலுக்கு அவ்விரண்டும் பொருந்துவதில்லை.

சிறந்த வீரன் வினாடிக்குப் பத்து மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடிவந்து, பலகையில் அதில் ஒரு பகுதியை இழந்து, முன்னோக்கி 9 மீட்டர் வேகத்துடன் கிளம்புகிறான் என்று கொள்வோம். 45 பாகை வேண்டுமானால் மேல்நோக்கிய வேகமும் 9 மீட்டராக வேண்டும். அப்படிக் கிளம்பிய உடல் 4 மீட்டருக்கு மேல் உயரும். அது எவருக்கும் அசாத்தியம். பலகையின் மேல் பாதம் தங்கும் ஒரு வினாடியின் எட்டிலொரு பங்கு நேரத்தில் அவனால் ஈட்டக்கூடியது வினாடிக்கு 3.2 மீட்டர் போன்ற செங்குத்து வேகமே. ஆகையால் கோணமும் 20 பாகையளவில் நின்றுவிடுகிறது.

இனிக் கணக்கை இரண்டாகப் பிரித்து, செங்குத்து இயக்கத்தைக் கொண்டு காலத்தையும், அக்காலத்தைக் கொண்டு கிடைத்தூரத்தையும் காண வேண்டும். இரு மட்டமும் ஒன்றென்று கருதினால் 0.65 வினாடியும் 5.88 மீட்டரும் வரும். ஆனால் நிமிர்ந்து கிளம்பியவன் மடங்கி விழுவதால், அவனது ஈர்ப்பு மையம் சுமார் 0.6 மீட்டர் தாழ்ந்தே முடிகிறது. அதைச் சேர்த்ததும் காலம் 0.81 வினாடியாகவும் தூரம் 7.25 மீட்டராகவும் வளர்கின்றன. படம் வரையாமல் சூத்திரத்தை நாடும் மாணவன் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் இழப்பது இவ்விடத்தில்தான். கிளம்புகையில் உடல் பலகைக்கு முன்னே சாய்ந்திருப்பதும், விழுகையில் குதிகால்கள் உடலுக்கு முன்னே நீண்டிருப்பதும் எஞ்சிய தூரத்தைத் தருகின்றன.

இக்கணக்கில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் ஒன்றுண்டு. முன்னோக்கிய வேகத்தில் 0.1 மீட்டர் கூடினால் தூரம் 8 சென்டிமீட்டர் கூடுகிறது. மேல்நோக்கிய வேகத்தில் அதே 0.1 கூடினால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். எனினும் உயரத்தைப் பெற ஓட்டத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருப்பதால், அந்த 0.1-க்காக 0.2 மீட்டர் வேகத்தை இழப்பவனுக்கு லாபம் எதுவும் மிஞ்சாது. வீரனுடைய சாமர்த்தியமெல்லாம் இந்தப் பேரத்தில் அடங்கியிருக்கிறது. அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1991 ஆகஸ்டு 30-ஆம் தேதி, கடலோர நகரமான டோக்கியோவில், ஐந்து நாட்களுக்கு முன்புதான் 100 மீட்டரை 9.86 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்திருந்த கார்ல் லூயிஸ், விதி அனுமதிக்கும் அளவை மீறிய காற்றின் துணையோடு 8.91 மீட்டர் தாண்டினார். அதே போட்டியில், அவரைவிடச் செங்குத்தாக எழும்பிய மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டி, பீமனுடைய 23 ஆண்டுச் சாதனையைக் கடந்தார்.