முந்நூறு பிரதிகளின் மயக்கம்

ஃப்ரீ ஜாஸ் பற்றி இப்போது யார் எழுதினாலும் ஒரு கதை தவறாமல் வந்துவிடுகிறது. பெரிய கம்பெனிகள் கைகழுவிய இசையைச் சின்னஞ்சிறு லேபிள்கள் மாசுபடாமல் காத்தனவாம்; அந்த லேபிள்களைப் பழைய தட்டுக் கடைகளில் தோண்டியெடுத்துச் சேகரிப்பாளர்கள் காத்தார்களாம். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. முந்நூறு பிரதியே அச்சான தட்டு என்றால் அந்த முந்நூறுக்குள் ஏதோ அழகியல் கொள்கை ஒளிந்திருப்பதுபோல் பேசுகிறார்கள். பெரும்பாலான சமயம் அந்த எண்ணை முடிவு செய்தது கையிலிருந்த காசு. முந்நூறு பேர் கேட்டால் போதும் என்று எந்த சாக்ஸஃபோன் கலைஞரும் அடிவயிற்றிலிருந்து ஊதவில்லை.

தொடக்கக் கட்டத்தை வேகமாகக் கடந்துவிடலாம். சார்லஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் 1952இல் தங்கள் தட்டுகளைத் தாங்களே விற்க டெபியூ லேபிளைத் தொடங்கினார்கள்; 1953ஆம் ஆண்டின் டொராண்டோ மேஸி ஹால் கச்சேரி அதில்தான் வந்தது. சிகாகோவில் சன் ராவும் ஆல்டன் ஆப்ரஹாமும் சாட்டர்ன் லேபிளை நடத்தினார்கள். சிறு சிறு தொகையாக அச்சிட்டு, பல உறைகளைக் கையால் வரைந்து, கச்சேரி நடக்கும் இடத்திலேயே விற்றார்கள். ஆர்னெட் கோல்மன், ஜான் கோல்ட்ரேன் பற்றி இங்கே விளக்கத் தேவையில்லை. அவர்களுக்கு அட்லாண்டிக், இம்பல்ஸ் ஆகிய பெரிய லேபிள்கள் இருந்தன. ஆனால் கோல்ட்ரேன் மறைந்த மறு ஆண்டு, 1968இல், ‘காஸ்மிக் மியூசிக்’ தட்டை அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் முதலில் சொந்தமாகத்தான் வெளியிட்டார். (1971இல் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சச்சிதானந்த சுவாமியின் பெயரை ஒரு தட்டுக்கு வைத்தாரே, அதே ஆலிஸ்.) இம்பல்ஸுக்குத் தூணாக இருந்தவரின் குடும்பமே இப்படிச் செய்ய வேண்டியிருந்தது.

அடுத்து வருவது சேகரிப்பாளர்களின் குலதெய்வமான இ.எஸ்.பி.-டிஸ்க். நியூயார்க் வழக்கறிஞர் பெர்னார்ட் ஸ்டால்மன் தொடங்கியது. அவருக்கு எஸ்பெராண்டோ மொழியில் பற்று. முதல் தட்டே எஸ்பெராண்டோ தட்டு. இரண்டாவது, 1964 ஜூலையில் பதிவான ஆல்பர்ட் அய்லரின் ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’. கேரி பீகாக்கின் பாஸும் சன்னி மரேயின் டிரம்ஸும் தாளக் கணக்கைக் கைவிட்டு அலையாக எழும்ப, அதன்மேல் அய்லர் ஒப்பாரியையும் கும்மாளத்தையும் ஒரே மூச்சில் ஊதுகிறார். அந்த அரைமணி நேரத்துக்காக ஸ்டால்மனின் எந்தக் குற்றத்தையும் மன்னிக்கத் தோன்றும். தோன்றக் கூடாது. எதைப் பதிவு செய்வது என்பதைக் கலைஞரே முடிவு செய்கிறார் என்று அவர்கள் உறையில் அச்சிட்டது இசையைப் பொறுத்தவரை உண்மைதான். உரிமைத்தொகை விஷயத்தில் கலைஞரைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. அங்கே வாசித்தவர்களில் பலரும் பணம் வரவில்லை என்ற புகாரைப் பல்லாண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருட்டுப் பதிப்புகள் கம்பெனியைக் கவிழ்த்தன என்பது ஸ்டால்மன் தரப்பு.

பாரிஸின் பி.ஒய்.ஜி. கதையும் இதே ரகம். அல்ஜியர்ஸில் 1969 ஜூலையில் நடந்த பான்-ஆப்பிரிக்க விழாவுக்கு வந்திருந்த ஆர்ச்சி ஷெப், அப்போது பாரிஸில் இருந்த ஆர்ட் என்செம்பிள் போன்றவர்களை ஆகஸ்டில் வரிசையாக ஸ்டுடியோவுக்குள் அனுப்பினார்கள். சில தட்டுகள் அற்புதம், பல அவசரம். அங்கும் பணப் புகார். பி.ஒய்.ஜி.யின் அந்த ‘ஆக்டுவெல்’ வரிசையை ஒன்று விடாமல் அடுக்கி வைப்பது இன்று சாதனையாகக் கொண்டாடப்படுகிறது.

என் மனம் நிற்பது வேறு ஆட்களிடம். 1966 ஏப்ரல் 30 அன்று யேல் பல்கலைக்கழகத்தில் மில்ஃபோர்ட் கிரேவ்ஸும் டான் புல்லனும் டிரம்ஸும் பியானோவுமாக ஒரு கச்சேரி செய்தார்கள். அதை எஸ்.ஆர்.பி. என்ற பெயரில் தாங்களே தட்டாக்கினார்கள். ‘செல்ஃப் ரிலையன்ஸ்’, அதாவது தன்கையே தனக்குதவி, என்பதுதான் அதன் முதல் இரண்டெழுத்து. முதலில் வந்த பிரதிகளில் சிலவற்றின் உறைகளுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். இன்று அந்த உறைகள் ஓவியம்போல் விலை பேசப்படுகின்றன. கிரேவ்ஸுக்கு முக்கியமாக இருந்தது வேறு: கறுப்பினக் கலைஞன் தன் சரக்கைத் தானே செய்து, தானே விற்று, கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொள்வது.

இதே எண்ணம் எழுபதுகளில் பல ஊர்களில் முளைத்தது. கோல்ட்ரேனின் கடைசி டிரம்ஸ் கலைஞர் ரஷீத் அலி தம் சர்வைவல் லேபிளில் ஃபிராங்க் லோவுடன் ‘டூயோ எக்ஸ்சேஞ்ச்’ வெளியிட்டார். செசில் டெய்லர் 1973இல் ‘இண்டென்ட்’ தட்டுக்காக யூனிட் கோர் தொடங்கினார். செயின்ட் லூயிஸில் ஜூலியஸ் ஹெம்ஃபிலின் எம்பாரி, டெட்ராய்ட்டில் டிரைப். இந்த வரிசையில் நிர்வாகரீதியாக மிகக் கெட்டிக்காரத்தனமானது ஸ்ட்ராட்டா-ஈஸ்ட். டிரம்பெட் கலைஞர் சார்லஸ் டோலிவரும் பியானோ கலைஞர் ஸ்டான்லி கவலும் 1971இல் தொடங்கினார்கள். பதிவுச் செலவு கலைஞருடையது, மூலநாடாவும் கலைஞருடையது. அச்சும் விநியோகமும் கம்பெனி வேலை. கில் ஸ்காட்-ஹெரனின் ‘விண்டர் இன் அமெரிக்கா’ 1974இல் இங்கேதான் வந்தது. அதிலிருந்த ‘தி பாட்டில்’ பரவலாக ஓடியது.

இந்த லேபிள்களில் பலவும் ஏன் சில தட்டுகளோடு நின்றன? சேகரிப்பாளர்களின் புத்தகங்களில் இந்தக் கேள்வியே இருக்காது. தட்டு அச்சிடுவது கடினமான வேலையே இல்லை; கொஞ்சம் பணம் புரட்டினால் தொழிற்சாலை அச்சிட்டுத் தந்துவிடும். அதைக் கடைக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் வண்டி குடைசாயும். விநியோகஸ்தர் தட்டை வாங்கிக்கொள்வார்; அடுத்த தட்டு வேண்டும் என்ற நெருக்கடி வரும்போதுதான் முந்தையதற்குப் பணம் தருவார். ஒரே ஒரு தட்டு வைத்திருப்பவருக்கு அந்தப் பிடி கிடையாது. போதாக்குறைக்கு 1973 எண்ணெய் நெருக்கடியில் வினைல் தட்டுப்பாடு வந்தது. தொழிற்சாலைகள் பெரிய வாடிக்கையாளரை முதலில் கவனித்தன.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்கள் கார்லா பிளேயும் மைக்கேல் மாண்ட்லரும். தங்கள் இசையமைப்பாளர் அமைப்பின் கிளையாக 1972இல் நியூ மியூசிக் டிஸ்ட்ரிபியூஷன் சர்வீஸ் என்ற லாபநோக்கற்ற விநியோக அமைப்பைத் தொடங்கினார்கள். தரம் பார்த்துப் பொறுக்குவதில்லை. தனியாக வெளியிடப்பட்ட புது இசையா, பட்டியலில் இடம் உண்டு. ஊர் பேர் தெரியாத கலைஞர் கட்டிலடியில் குவித்து வைத்திருந்த தட்டு இப்படித்தான் அடுத்த மாநிலத்துக் கேட்பவரை எட்டியது. 1990இல் மூடப்பட்டது. அந்த அமைப்பு அலமாரியில் அடுக்கும் பொருளாக எதையும் விட்டுப்போகவில்லை. ஆகவே சேகரிப்பாளர்கள் எழுதும் வரலாற்றில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே அதிர்ஷ்டம். இந்தத் துறையின் ஆகப் பெரிய அநீதி இதுதான் என்பேன்.

ஜோ மெக்ஃபீ விஷயத்தையும் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் பவ்கீப்சி என்ற ஊரில் பால் பேரிங் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர். அவரைப் பதிவு செய்வதற்கென்றே கிரெய்க் ஜான்சன் என்ற ஓவியர் சி.ஜே.ஆர். லேபிளைத் தொடங்கினார். வாஸர் கல்லூரியில் 1970 டிசம்பரில் பதிவான ‘நேஷன் டைம்’ மறு ஆண்டு வெளிவந்தது. அரசியல் முழக்கத்தை இவ்வளவு ஆட்டத் துள்ளலோடு ஃப்ரீ ஜாஸுக்குள் கொண்டுவந்த தட்டு வேறு இல்லை. அது பரவலாகக் கேட்கப்பட்டது 2000இல் ஜான் கார்பெட் தம் அன்ஹெர்ட் மியூசிக் வரிசையில் மறுவெளியீடு செய்த பிறகுதான்.

ஐரோப்பாவைப் பற்றிச் சுருக்கமாக. பீட்டர் பிரோட்ஸ்மன் 1968இல் ‘மெஷின் கன்’ தட்டை 300 பிரதி தாமே அச்சிட்டார், பெர்லினின் எஃப்.எம்.பி. அதைத் திரும்ப வெளியிட்டது. அந்த இசை இன்று யாருக்கும் கிடைக்கும். அரிதானவை அந்த முந்நூறு அட்டைகள் மட்டுமே. கலைஞர் லேபிள் என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. லண்டனின் இன்கஸ் லேபிள் டெரிக் பெய்லி, எவன் பார்க்கர், டோனி ஆக்ஸ்லி முதலியோர் கூடித் தொடங்கியது. 1970இல் வந்த அதன் முதல் தட்டான ‘டோபோகிராஃபி ஆஃப் தி லங்ஸ்’, பெய்லியும் பார்க்கரும் பிரிந்த பிறகு நெடுங்காலம் கிடைக்காமல் கிடந்தது. பெய்லி மறைந்தபின் 2006இல் பார்க்கர் வேறொரு லேபிளில் கொண்டுவந்தார்.

பிறகு வேட்டை தொடங்கியது. சோனிக் யூத் குழுவின் தர்ஸ்டன் மூர் 1995இல் ‘கிராண்ட் ராயல்’ இதழில் பத்துத் தட்டுகளின் பட்டியல் போட்டார். கிரேவ்ஸ்-புல்லனின் ‘நொம்மோ’, ‘டூயோ எக்ஸ்சேஞ்ச்’, ஆர்தர் டாயிலின் ‘அலபாமா ஃபீலிங்’ எல்லாம் அதில் உண்டு. ரசனை குறைசொல்ல முடியாதது. ஆர்தர் டாயிலின் காட்டுக்கத்தலை ராக் ரசிகர்கள் தேடிப் போனதில் அந்தப் பட்டியலுக்குப் பங்குண்டு. அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் பட்டியலைப் பிடித்துக்கொண்டவர்கள் இசையைவிட எண்களை நேசிக்கத் தொடங்கினார்கள். பாட்டு முடியும் வழுவழுப்பு வளையத்தில் கீறிய எண், லேபிள் தாளில் அச்சான முகவரி, பிரிக்காத பிளாஸ்டிக் உறை. பிரிக்காத உறைக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் அந்தத் தட்டை யாரும் கேட்டதில்லை என்பதற்கே பணம் கொடுக்கிறார். பழைய பிரதி நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறும்போது வாசித்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒரு சென்ட்கூடப் போவதில்லை.

எனவே என் கட்சி மறுவெளியீட்டின் பக்கம். எல்லா மறுவெளியீடும் அல்ல. உரிமையாளர் யார், பணம் யாருக்கு என்று வெளிப்படையாகச் சொல்பவை. கிரேவ்ஸின் பழைய பதிவுகளைக் கார்பெட் வெர்சஸ் டெம்ப்சி லேபிள் கொண்டுவந்ததும், சர்வைவல் லேபிள் உயிர்பெற்று ‘டூயோ எக்ஸ்சேஞ்ச்’ அமர்வு முழுமையாக வந்ததும் இந்த வகை. முதல் பதிப்புக்குக் கொடுக்கும் விலையில் இவற்றில் பத்துப் பதினைந்தை வாங்கிவிடலாம். இனி லேபிள்களின் வரலாற்றை எழுதப் புகுபவர்கள் மூலநாடா யாரிடம் இருந்தது, விநியோகம் யார் கையில் இருந்தது என்பதிலிருந்து தொடங்கட்டும். அட்டைப் படங்களைப் பின்னிணைப்பில் போட்டுக்கொள்ளலாம்.