கற்றுக் கட்டுவதா, கட்டிக் கற்பதா?

இணையவழி முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை மதிப்பிடச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் பாடத்திட்டத்தையும் அடுத்து ஆசிரியர் பட்டியலையும் எடுத்துப் பார்ப்பார்கள். விண்ணப்பமும் கட்டணமும் அலுவலகக் காரியம் என்று ஒதுக்கப்பட்டுவிடும். அந்த ஒதுக்கலை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நிறுவனம் மாணவரிடம் முதலில் எதைக் கேட்கிறது, எந்தக் கட்டத்தில் பணம் வாங்குகிறது, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருகிறது என்ற மூன்றிலும் அதன் கல்விக் கொள்கை வெளிப்பட்டுவிடுகிறது. பாடத்திட்டம் நிறுவனம் தரும் வாக்குறுதி என்றால், கட்டண அட்டவணை அதன் நடத்தை. திறனாய்வு இரண்டையும் பார்க்க வேண்டும்.

இந்த விசாரணையைக் காரைக்குடியிலிருந்து தொடங்க நியாயமுண்டு. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947ல் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரியின் வழியில், 1985ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. 1992ல் அதில் தொலைநிலைக் கல்வி தொடங்கியது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929ல் நிறுவிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979லேயே அஞ்சல்வழியில் இறங்கிவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது செட்டிநாட்டுக்குப் பழகிய வழி. படிப்பு இணையத்துக்கு மாறியபோது பழைய அளவுகோல்கள் எவ்வளவு தாக்குப்பிடிக்கின்றன என்பதே கேள்வி.

முதல் அளவுகோல் அங்கீகாரம். 2020 செப்டம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிமுறைகள் இதில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தன. உயர்கல்வித் தர மதிப்பீட்டு அமைப்பான நாக்கின் அளவீட்டில் 3.26 என்ற உயர்ந்த வாசல் வைக்கப்பட்டது. அழகப்பா 2017லேயே 3.64 பெற்றிருந்ததால் அந்த வாசலை எளிதில் கடக்கும் தகுதி அதற்கு இருந்தது. ஆனால் அவ்விதிமுறைகள் பட்டங்களையும் முதுநிலைப் பட்டயங்களையும் நோக்கி எழுதப்பட்டவை. குறுகிய காலச் சான்றிதழ் அவற்றின் ஓரத்தில்தான் நிற்கிறது. ஆகவே ‘யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்’ என்ற விளம்பர வரி, அதே பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு சான்றிதழுக்கும் உத்தரவாதம் ஆகிவிடாது. பட்டங்களிலேயே இந்த ஆபத்து நேர்ந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022ல் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது. அதன்பின் எழுந்த வாதப் பிரதிவாதம் எதுவாக இருந்தாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் நம்பிப் பணம் கட்டியவர்களின் கவலைக்கு அது ஈடாகாது. நிறுவனத்தின் புகழ் ஒன்று, குறிப்பிட்ட படிப்பின் செல்லுபடி வேறொன்று. விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் விண்ணப்ப முறையின் நேர்மை. 2024 முதல் தொலைநிலை, இணையவழிப் பட்டப்படிப்புகளில் சேர யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) தரும் அடையாள எண் கட்டாயமானது. இதன் நன்மை பெரிது: சேர்க்கை யுஜிசியின் பார்வைக்குள் வருகிறது, போலிச் சேர்க்கைக்கு இடம் குறைகிறது. குறையும் சிறியதன்று. இணையச் சேவை மையத்தில் ஒருவர் படிவம் நிரப்புவதை அருகிலிருந்து பார்த்தால் அது புரியும். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து ஒன்று நிற்கும். ஆதாரில் அதே எழுத்து தந்தையின் முழுப்பெயராக விரிந்து, பெயருக்குப் பின்னால் போய் அமர்ந்திருக்கும். கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். பிழையே செய்யாத மாணவர் ஆதார் திருத்தத்துக்கு அலைய, கடைசித் தேதி நெருங்கிவரும். தமிழ்நாட்டில் தலைப்பெழுத்து விதிவிலக்கல்ல, பொது வழக்கு. அதைக் கணக்கில் எடுக்காத படிவம் எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும் முழுமையானதாகாது.

மூன்றாவது அளவுகோலே தீர்ப்பை நிர்ணயிப்பது: கட்டணம் எந்த வரிசையில் வருகிறது என்பது. நடப்பில் உள்ள முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003ல் தொடங்கிய இணையப் பாடத் திட்டமான என்பிடெல், 2014 முதல் சான்றிதழ் வழங்குகிறது. சேர்வதற்கும், காணொளிக்கும், வாராந்திர ஒப்படைப்புக்கும் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். நீண்ட காலம் அது ஒரு பாடத்துக்கு ₹1,000 என்ற அளவில்தான் இருந்தது. ஒப்படைப்புக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். வரிசை இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது: படி, உன்னை நீயே சோதி, பிறகு கட்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது. பாடங்கள் பெரும்பாலும் தனித்தனியாக நிற்கின்றன; அவற்றைக் கோக்கும் துறைச் சான்றிதழ்கள் உண்டென்றாலும், தேர்ந்து அடுக்கும் பொறுப்பு பெருமளவு மாணவருடையதே. கணினி திருத்தும் ஒப்படைப்பில் விடை சரியா தவறா என்று தெரியுமே தவிர, சிந்தனை எங்கே வழுக்கியது என்று சொல்ல ஆளில்லை.

சென்னை ஐஐடி 2020ல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு அந்த இடைவெளியை நிரப்பியது. தொடங்கியபோது விண்ணப்பக் கட்டணம் ₹3,000. அதற்கு நான்கு வாரப் பாடம், ஒப்படைப்பு, பிறகு நேரடித் தகுதித் தேர்வு. தேறியவர் பாடவாரியாகப் பணம் கட்டி முன்னேறலாம். அடித்தளச் சான்றிதழ், பட்டயம், பட்டம் என எந்தப் படியிலும் இறங்கிக்கொள்ளலாம். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பார்த்து 75 விழுக்காடு வரை சலுகை உண்டு. கட்டமைப்பின் ஒருமையில் இதுவே முன்னணி. ஆனால் மேற்படிகளில் செலவு ஏறுகிறது. தகுதித் தேர்வில் தவறியவருக்கு விண்ணப்பப் பணம் திரும்பி வராது.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் பலம் மலிவும் அண்மையும். சிக்கல் என்றால் அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போகலாம். பலவீனம், கட்டணத்தைத் துண்டுதுண்டாகச் சொல்வது. பருவத்துக்கு அல்லது ஆண்டுக்கு ஒரு தொகை, தேர்வுக்கு வேறு, சான்றிதழுக்கு வேறு என்று வரும்போது, மொத்தம் எவ்வளவு என்பது முதல் நாளில் தெரிவதில்லை. படிப்பின் தன்மை தெரியுமுன்பே பெரும்பங்கு கட்டியாகிவிடுகிறது. 2018 அக்டோபரின் யுஜிசி அறிவிப்பு, சேர்க்கை முடிய 15 நாளுக்கு முன் விலகினால் சிறு செயலாக்கக் கழிவு போக முழுத்தொகை, பிறகு 90, 80, 50 விழுக்காடு என்று தெளிவாகப் படி வகுத்தது. அதே தெளிவு ஒவ்வொரு சான்றிதழ்ப் படிப்பின் முதல் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

தனியார் இணையக் கல்வி நிறுவனங்களின் வழங்கல் நேர்த்தி பாராட்டத்தக்கது: சீரான காணொளி, உடனடிப் பதில், வேலைக்கேற்ற பயிற்சி. கட்டண முறையோ கவலை தருவது. முழுத்தொகையையும் கடனாகவோ தவணையாகவோ முதலிலேயே பிணைக்கும் வழக்கம் பரவியதால்தான், 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகம் தானாகப் பணம் கழியும் ஏற்பாட்டையும், தெரியாமல் கையெழுத்தாகும் கடனையும் குறித்து எச்சரித்தது. கட்டண ரசீதில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். சட்டம் ஏற்ற தகுதிக்கான கல்விக்கு வரிவிலக்கு உண்டு. வரி விதிக்கப்பட்டால், பெரும்பாலும் அது அந்த வகையில் சேராத படிப்பு. திறன் கற்க அதில் சேரலாம், தகுதியாகக் காட்டச் சேர்வது வீண்.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கணக்கில் ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பார்கள். வரவும் பற்றும் ஒரே தாளில் நேருக்கு நேர் நிற்கும். விண்ணப்பதாரருக்கும் அப்படி ஒரே தாள் வேண்டும்: மொத்தக் கட்டணம், வரி, தேர்வுச் செலவு, திரும்ப வரும் தொகை, சான்றிதழின் சட்ட நிலை. அதைத் தர மறுக்கும் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

தீர்ப்பு இது. கட்டண வரிசையில் என்பிடெல் முதலிடம். கட்டமைப்பில் சென்னை ஐஐடி முதலிடம். எளிதில் அணுகுவதில் மாநிலப் பல்கலைக்கழகம் முதலிடம். மூன்றையும் ஒன்றாக்கிய படிப்பு இன்னும் வரவில்லை. அதைத் தொடங்கும் தகுதியும் கடமையும் காரைக்குடிக்கு உண்டு. நான்கு வாரம் கட்டணமில்லாமல் பாடம், அதன்பின் நேரடித் தேர்வு, பாடவாரியான கட்டணம், முன்கூட்டி அச்சிட்ட திருப்பித்தரும் அட்டவணை ஆகிய நான்கும் போதும். இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டாம், கட்டணத்தைப் பாடத்துக்குப் பின்னால் வைக்கும் துணிவு வேண்டும். தன் பாடத்தின் மேல் நம்பிக்கை உள்ள நிறுவனம் அதற்குத் தயங்காது.